பின்பக்கம் திருப்பிப் பார்க்காத படம்

அந்தப் பதினோரு நாளும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? சரிபார்த்துக்கொண்டிருந்தேனா, பயந்துகொண்டிருந்தேனா? இதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. யாராவது கேட்டால் "செக் பண்ணிட்டு இருந்தேன்" என்றுதான் சொல்கிறேன். ஆதாரமும் இருக்கிறது. அந்த நாட்களில் ஓடிய இரண்டு ரன்களின் ஃபைல்கள் எங்கள் ஆபீஸ் சர்வரில் இன்னும் கிடக்கின்றன. ஆனாலும் அப்படிச் சொல்லி முடித்தபின் முழுதாகச் சொன்ன மாதிரி ஒருநாளும் இருந்ததில்லை.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்படி ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். எனக்கு ஆறு வருஷ அனுபவம்தான். சீனியர் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் திருப்பதியில் இந்த வேலையில் இருப்பவர்கள் இரண்டு வருஷத்தில் ஹைதராபாத்துக்கோ பெங்களூருக்கோ போய்விடுவார்கள். நான் போகவில்லை, அதனால் சீனியர் ஆகிவிட்டேன். அவ்வளவுதான் என் தகுதி.

என்ன வேலை

எங்கள் வீட்டில் கேட்டால், "கம்ப்யூட்டர்ல மருந்துப் படம் போடுது" என்பார்கள். தப்பில்லை. ஒரு புரதத்தையும் ஒரு மருந்து மூலக்கூறையும் தண்ணீர் நிரப்பிய பெட்டிக்குள் போட்டதாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு அணுவும் அடுத்த கணம் எங்கே நகரும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக்கொண்டே போகும். இதுதான் சிமுலேஷன். அப்படி ஒருமுறை ஓட்டுவது ஒரு ரன். நாட்கணக்கில் ஓடி முடித்தால் ஒரு பெரிய ஃபைல் கிடைக்கும். அதற்கு ட்ராஜெக்டரி என்று பெயர். உள்ளே இருப்பது எண்கள், எண்கள், எண்கள். சினிமாவைப் போல அதிலும் ஃப்ரேம்கள் உண்டு. அதை கிராஃபிக்ஸ் சாஃப்ட்வேரில் ஏற்றி, புரதத்தை ரிப்பன் மாதிரியும் மருந்தைக் குச்சி குச்சியாகவும் வரைந்து, வண்ணம் கொடுத்து, ஓட்டிப் பார்த்து, மூவியாக்கித் தருவது என் வேலை.

புரதத்தில் ஒரு குழி இருக்கும். பாக்கெட் என்போம். மருந்து அந்தப் பாக்கெட்டுக்குள் உட்கார்ந்தபடி இருந்தால் நல்ல செய்தி. கிளம்பிப் போய்விட்டால் கெட்ட செய்தி. பிஎச்.டி.க்காக எங்களிடம் வருகிற ஸ்காலர்கள் எல்லோரும் கடைசியில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "உள்ளயே இருக்கா?"

ஆபீஸ் என்பது பைபாஸ் ரோட்டில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இரண்டு அறை. முதலாளி பிரசாத் சார். வேலூரில் படித்தவர் என்பதால் என்னிடம் தமிழில்தான் பேசுவார். தமிழில் ஆரம்பிப்பார், எங்கே தெலுங்கில் முடிப்பார் என்று சொல்ல முடியாது.

சத்தியவேடு கேஸ்

வேலையில் சேர்ந்த முதல் வாரம். ஒரு ட்ராஜெக்டரியை ஓட்டிக்கொண்டிருந்தேன். பாக்கெட்டில் இருந்த மருந்து திடீரென்று அங்கே இல்லை. திரையின் அடுத்த ஓரத்தில் தன்னந்தனியாக நின்றது. எதையோ அழித்துவிட்டேன் என்று பயந்து எழுந்து நின்றேன்.

"சார், மருந்து வெளிய போயிடுச்சு சார்."

அவர் டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்தார். "எங்கயும் போகலம்மா. பெட்டி செவுரு தாண்டியிருக்குது, அந்தே." அவ்வளவுதான் என்கிறார்.

சிமுலேஷன் பெட்டிக்கு நிஜமான சுவர் கிடையாது. வலது பக்கம் வெளியேறும் அணு இடது பக்கம் உள்ளே வந்ததாகக் கணக்கு வைப்பார்கள். புரதமும் மருந்தும் சேர்ந்தே மிதந்து ஓரத்துக்குப் போகும்போது, மருந்து மட்டும் முதலில் கோட்டைத் தாண்டிவிட்டால், சாஃப்ட்வேர் அதை எதிர்ப்பக்கத்தில் வரைந்து காட்டும். உண்மையில் இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஒரு கமாண்ட் கொடுத்தால் மருந்து பழைய இடத்துக்கு வந்துவிடும்.

சார் இதை எனக்கு இப்படிச் சொல்லவில்லை. "உங்க ஊரு எதும்மா?" என்று கேட்டார்.

"சத்தியவேடு சார்."

"ஆங். சத்தியவேடுகாரன் காலைல பஸ் ஏறி தமிழ்நாடு போறான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோறு துன்றான். ஊரை விட்டுப் போயிட்டான்னு எவளாவது அழுவுறாளா? பார்டர் தாண்டறது வேற, ஊரை விட்டுப் போறது வேற. இது சத்தியவேடு கேஸ். சரி பண்ணி மூவி போடு."

அன்றிலிருந்து எங்கள் ஆபீஸில் அதற்கு அதுதான் பெயர். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஷீட் வைத்திருப்போம். எந்த ஃப்ரேமில் மருந்து குதித்ததோ அந்த எண்ணை எழுதி, பக்கத்தில் "சத்" என்று போட்டுவிடுவேன். ஸ்காலர்களும் பழகிக்கொண்டார்கள். "மேடம், என்னுதுல ரெண்டு எடத்துல சத்தியவேடு" என்று தெலுங்குப் பிள்ளைகள் வந்து சொல்லும்போது எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். எங்கள் வீட்டில் என் தலைமுறைக்கு முன்னால் யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. எங்கள் ஊர்ப் பெயர் ஒரு டெக்னிக்கல் வார்த்தை ஆகிவிட்டது என்று நைனாவிடம் போனில் சொன்னேன். "நல்லதுக்கா, கெட்டதுக்கா?" என்று கேட்டார். நல்லதுக்குத்தான் என்றேன்.

கிரேஸ் மேடம்

கிரேஸ் மேடம் சித்தூரில் ஒரு தனியார் காலேஜில் கெமிஸ்ட்ரி லெக்சரர். வயது நாற்பத்தாறு. வேலை பார்த்துக்கொண்டே ஏழு வருஷமாகப் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தார். சிறுகுறிஞ்சான் இலையில் இருக்கும் ஒரு மூலக்கூறு, சர்க்கரை நோயோடு சம்பந்தப்பட்ட ஒரு புரதத்தில் போய் உட்காருமா என்பதுதான் அவர் கேள்வி. அவருக்கு இருந்தது கடைசி எக்ஸ்டென்ஷன். அந்தத் தேதிக்குள் தீசிஸ் கொடுக்காவிட்டால் ரெஜிஸ்ட்ரேஷனே போய்விடும். காலேஜிலும் டிபார்ட்மெண்ட் ஹெட் பதவி காலியாக இருந்தது. முதலில் பிஎச்.டி. முடிப்பவருக்குத்தான் அது என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. போட்டிக்கு இருந்தவர் இவரிடமே படித்த ஒரு பையன்.

இரண்டாவது சனிக்கிழமைகளில் திருப்பதி வருவார். எனக்கு அவர் வருவது பிடிக்கும். நாள் முழுக்கத் தெலுங்கு பேசிய வாய்க்கு ஓய்வு கிடைக்கும்.

மூவியை முதல்முறை போட்டுக் காட்டியபோது நாற்காலியை இழுத்துத் திரைக்கு ரொம்பப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மொத்தம் இருபது விநாடி. ஏழெட்டு முறை போடச் சொன்னார்.

"இதான் நம்ம சிறுகுறிஞ்சானா? இன்னா கோமதி, இப்டி ஆடிக்கினு இருக்குது?"

"உயிரோட இருக்கற மாதிரி ஆடும் மேடம். ஆனா பாக்கெட்ட விட்டுப் போகல."

"கடைசி வரைக்கும் உள்ளயே இருக்குதா?"

"ஆமா மேடம்."

"ரெண்டு பெத்தேன். ஒண்ணு துபாய், ஒண்ணு கனடா. இதாச்சும் உள்ளயே உக்காந்துக்கினு இருக்கட்டும்." சொல்லிவிட்டு அவரே சத்தமாகச் சிரித்தார். பிரசாத் சாரும் அடுத்த அறையிலிருந்து சிரித்தார்.

"ஆமா மேடம்" என்று நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நான் அப்படித்தான் நம்பினேன்.

எப்படி நடந்தது

அந்த மூவி செய்த வாரத்தை விவரமாகச் சொல்ல வேண்டும். புதியவர்களுக்கு உபயோகப்படும் பகுதி இதுதான்.

சிமுலேஷன் நூறு நானோசெகண்ட். அதில் பத்தாயிரம் ஃப்ரேம்கள். என் கம்ப்யூட்டரில் அத்தனையும் ஏற்றினால் திரை உறைந்துவிடும். அதனால் ஐம்பதுக்கு ஒன்று என்று எடுத்து இருநூறு ஃப்ரேம் மட்டும் ஏற்றினேன். எல்லோரும் செய்வதுதான். நூற்று நாற்பத்திரண்டாவது ஃப்ரேமில் மருந்து குதித்தது. ஷீட்டில் "142 - சத்" என்று எழுதினேன். வழக்கமான கமாண்டைக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் நாலைந்து ஃப்ரேம்களில் மருந்து அங்கே இங்கே அலைவது போல இருந்தது. கமாண்ட் சரியாகப் பிடிக்காமல் விட்ட மிச்சம் என்று நினைத்தேன். அந்தத் திடுக்குத் தெரியாமல் இருக்க ஸ்மூத்திங் போட்டேன். ஒருமுறை முழுதாக ஓட்டிப் பார்த்தேன். மருந்து படத்தின் நடுவில், பாக்கெட் இருக்கும் இடத்தில் இருந்தது. கம்ப்யூட்டர் தானாக இறுதிப் படமாக வரைந்து முடிக்கும்படி ரெண்டர் போட்டுவிட்டு நாலரை மணிக்குக் கிளம்பிவிட்டேன்.

பாப்பாவுக்கு அப்போது ஒன்றரை வயது. என் கணவர் ஸ்ரீ சிட்டியில் ஒரு பேக்டரியில் வேலை செய்கிறார். வார நாட்களில் சத்தியவேட்டிலேயே தங்கிக்கொண்டு, வாராந்திர லீவுக்குத் திருப்பதி வருவார். பாப்பாவை வீட்டுக்கார அம்மா பார்த்துக்கொள்வார். அந்த வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல். ஆனால் காய்ச்சலால்தான் இது நடந்தது என்று நான் எழுதப்போவதில்லை. காய்ச்சல் இல்லாத வாரங்களிலும் நான் ஒருமுறைதான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். என் தப்பைக் கொண்டுபோய்க் குழந்தை தலையில் வைக்கக் கூடாது. வைத்துவிடுவேனோ என்ற பயத்தில்தான் இதைத் தனியாக எழுதி வைக்கிறேன்.

பின்பக்கம்

ஐந்து வாரம் கழித்து ஒரு புதன்கிழமை கிரேஸ் மேடம் போன் செய்தார். தீசிஸ் முழுக்க டைப் ஆகிவிட்டது, ஒரே ஒரு படம் மட்டும் வேண்டும் என்றார்.

"எல்லாப் படமும் முன்னாடி பக்கமாவே இருக்குது கோமதி. எக்ஸாமினர் பின்னாடி எப்டின்னு கேட்டா நான் இன்னா சொல்வேன்? பின்னாடியிருந்து ஒண்ணு எடுத்துக் குடு."

அஞ்சு நிமிஷ வேலை. கடைசி ஃப்ரேமைத் திறந்து, மவுஸைப் பிடித்து இழுத்துப் படத்தைத் திருப்பினேன்.

பாக்கெட் காலியாக இருந்தது. மருந்து, புரதத்தின் பின்பக்கச் சுவரில், வெளியே, பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. முன்னாலிருந்து பார்த்தால் அது பாக்கெட்டுக்கு நேர் பின்னால் வரும். அழகுக்காகப் புரதத்தைக் கண்ணாடி மாதிரி மெலிதாக வரைந்திருந்தேன். அதனால் பின்னால் வெளியே இருந்தது உள்ளே இருப்பது போலத் தெரிந்திருக்கிறது. நூற்று நாற்பத்திரண்டாவது ஃப்ரேமில் மருந்து பார்டர் தாண்டவில்லை. ஊரை விட்டே போயிருக்கிறது. கமாண்ட் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. மிச்சம் என்று நினைத்து நான் மழுப்பிய அந்த நாலைந்து ஃப்ரேம்கள்தான் அது நடந்துபோன வழி.

மவுஸை ஒரு சாண் இழுத்திருந்தால் ஐந்து வாரத்துக்கு முன்பே தெரிந்திருக்கும்.

பெயர் வைத்துவிட்டால் அந்தப் பொருளைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. குதிப்பதைப் பார்த்ததும் என் கை "சத்" என்று எழுதிவிட்டது. எழுதியபின் கண்ணுக்கு வேலை இல்லை. பழைய ஷீட்டுகளில் "சத்" போட்ட எல்லாவற்றையும் பிறகு திறந்து, நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். மற்றதெல்லாம் நிஜமாகவே சத்தியவேடு கேஸ்தான். இது ஒன்றுதான் இல்லை. அந்த ஒன்று கிரேஸ் மேடத்துடையது.

பதினோரு நாள்

மறுநாள் பிரசாத் சாரிடம் காட்டினேன். அவரே மவுஸை வாங்கி இரண்டு மூன்று முறை திருப்பினார். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எப்ப போச்சு?"

"எழுபதுல ஆரம்பிச்சு எழுபத்தி மூணுல வெளிய வந்துடுது சார்."

"அப்ப எழுபதோட நிறுத்திடு. எழுபது நானோசெகண்ட் ரன்னுன்னு எழுதட்டும். அதுவரைக்கும் உள்ளதான இருக்குது? அபத்தம் காதுகதா?" பொய் ஒன்றும் இல்லையே என்கிறார்.

"நூறு ஓட்டினது நமக்குத் தெரியுமே சார்."

"நமக்குத்தான தெரியும்."

அவர் கெட்டவர் இல்லை. பிரசவத்துக்கு நான் போனபோது ஐந்து மாதம் என் இடத்தில் வேறு ஆளைப் போடாமல் காத்திருந்தவர். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. அன்றைக்கும் அது என் வாயைக் கட்டியது. நான் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "சரிம்மா. ஒரு ரன்ன வச்சி எதுவும் சொல்ல முடியாது. இன்னும் ரெண்டு போட்டுப் பாரு. ரெண்டுலயும் உள்ள இருந்தா, மூணுக்கு ரெண்டு. அப்புறம் பேசலாம்."

அது நியாயமான யோசனைதான். ஒரு ரன் மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். எங்களிடம் இருந்த மிஷினில் மற்ற வேலைகளுக்கு நடுவே இரண்டு ரன்னும் முடிய ஒன்பது பத்து நாள் ஆகும். அதுவரை மேடத்திடம் எதுவும் சொல்ல வேண்டாம், முழுதாகத் தெரிந்தபின் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். நான்தான் முடிவு செய்தேன். சார் அப்படிச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மேடம் கூப்பிட்டார். "படம் இன்னா ஆச்சு?"

"ரெண்டரிங் போய்க்கினு இருக்குது மேடம்."

திங்கட்கிழமை மறுபடியும். "இன்னுமா ரெண்டரிங்? ஒரு படத்துக்கு இவ்ளோ நேரமா?"

"ஹை ரெசல்யூஷன்ல போட்டுருக்கேன் மேடம்."

"அடேயப்பா. எனக்கு பேனரா கட்டப் போற?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு படம் ரெண்டர் ஆக ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அந்த வார லீவுக்கு வந்த கணவரிடம் சொன்னேன். மூலக்கூறு, பாக்கெட் எல்லாம் அவருக்குப் புரியாது. தப்பு, தெரிந்துவிட்டது, இன்னும் சொல்லவில்லை என்பது புரிந்தது. பாப்பாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டே சொன்னார்:

"எங்க லைன்ல ஒரு கயிறு கட்டி வச்சிருக்கான். பீஸ்ல பிராப்ளம் பாத்தா இழுக்கணும். மொத்த லைனும் நின்னுடும். யார் இழுத்தாங்கன்னு கேக்கவே மாட்டோம்னு ட்ரெயினிங்ல சொன்னான்."

"கேக்கறாங்களா?"

"கேக்காம? ரெண்டு தபா இழுத்தேன். ரெண்டு தபாவும் சூப்பர்வைசர் என் மூஞ்சியத்தான் பாத்தான்."

"மூணாவது தபா?"

"மூணாவது தபா வந்த பீஸ நானே சரி பண்ணி அனுப்பிட்டேன். போயிடுச்சு." பாப்பா வாயைத் துடைத்துவிட்டு, "நீ இழுத்துடு" என்றார். "உன்னுது பீஸு இல்ல, அந்த அம்மா."

இழுக்கவில்லை. முதல் ரன் முடியட்டும் என்று இருந்தேன். செவ்வாய்க்கிழமை முடிந்தது. எல்லா ஃப்ரேமையும் பகுதி பகுதியாக ஏற்றி, நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். மருந்துக்கும் பாக்கெட்டுக்கும் உள்ள தூரத்தையும் ஃப்ரேம் ஃப்ரேமாக அளந்தேன். கடைசி வரை உள்ளேயே இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இரண்டாவதிலும் இருந்துவிட்டால் மேடத்திடம் சுலபமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லாமலேயே விட்டுவிடலாம் என்றும் நினைத்தேனா? நினைக்கவில்லை என்று உறுதியாக எழுத முடியவில்லை.

வியாழக்கிழமை மதியம் மேடம் கூப்பிட்டார். குரலே வேறு மாதிரி இருந்தது.

"கோமதி, கையெழுத்துப் போட்டுட்டேன். உன் படம் வரட்டும்னு பாத்தா டேட் போயிடும்னு கைடு சொல்லிட்டாரு. முன்பக்கப் படமே போதும்னாரு. ஜெபம் பண்ணிட்டு போட்டேன். தீசிஸ் யுனிவர்சிட்டிக்குப் போயிடுச்சு."

என் வாயிலிருந்து வந்தது: "சந்தோஷம் மேடம்."

முந்தின நாள், புதன்கிழமைகூடச் சொல்லியிருக்கலாம். அதுவரை தீசிஸ் அவர் வீட்டு மேஜையில் இருந்தது. இரண்டு பக்கத்தை மாற்றியிருந்தால் முடிந்திருக்கும்.

சனிக்கிழமை இரண்டாவது ரன் முடிந்தது. நாற்பதாவது நானோசெகண்டிலேயே மருந்து வெளியே போயிருந்தது. இந்த முறை "சத்" என்று சந்தேகப்படக்கூட இடம் இல்லை. நேராக வாசல் வழியாகப் போய்த் தண்ணீரில் கலந்துவிட்டது. மூன்றில் இரண்டு போய்விட்டது.

சித்தூர்

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டில் இருப்பார் என்று கணக்குப் போட்டு, பாப்பாவையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டில் மொட்டைத் தலைக் கூட்டம். ஒரு பாட்டியம்மா பாப்பாவை மடியில் வாங்கிக்கொண்டதால் பாதி தூரம் நிம்மதியாக நிற்க முடிந்தது. என்ன சொல்வது என்று வழியெல்லாம் வாக்கியம் வாக்கியமாகச் செய்து வைத்தேன்.

கதவைத் திறந்ததும் மேடம், "ஏய், சொல்லாம கொள்ளாம! புள்ளையப் பாரு, வேர்த்துக் கொட்டுது. மொதல்ல துன்னு, அப்புறம் பேசு" என்றார். சாப்பிட்டேன். இரண்டாவது முறை குழம்பு ஊற்றினார். வேண்டாம் என்று சொல்லவும் தைரியம் வரவில்லை. செய்து வைத்த வாக்கியம் எதுவும் நினைவில் இல்லை. லேப்டாப்பைத் திறந்தேன்.

பாப்பா என் வலது தோளில் தூங்கிவிட்டாள். அதனால் மவுஸை இடது கையில் பிடித்தேன். மேடம் நன்கு அறிந்த முன்பக்கப் படம் வந்தது. திருப்பினேன். கை பழக்கமில்லாமல் தப்பான பக்கம் சுற்றி, மேலே போய், சாய்ந்து, கடைசியில் பின்பக்கம் வந்து நின்றது. ஏழு வருஷம் அந்த மூலக்கூறைப் பார்த்தவருக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இது உங்க சத்தியவேடு இல்லயே?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். நிஜமாவே போயிடுச்சு."

மற்ற இரண்டு ரன்களையும் காட்டினேன். இரண்டாவதை மட்டும் இரண்டு முறை பார்த்தார்.

"எவ்ளோ நாளா தெரியும் உனக்கு?"

"பதினோரு நாளா மேடம்."

"ரெண்டரிங்."

"ஆமா மேடம்."

அவர் விரலை மடக்கி எண்ணினார். ஞாயிறு, சனி, வெள்ளி என்று பின்னால் போய் வியாழனில் நிறுத்தினார். அந்த விரலை மடக்கியபடியே கொஞ்சநேரம் வைத்திருந்தார். நான் அழுதால் அவர் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும், அது இன்னும் அநியாயம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"எங்கிட்ட கேட்டிருந்தா நானும் ரெண்டு ரன் போடுன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். "ஆனா கேட்டிருக்கணும்."

"மன்னிச்சிடுங்க மேடம்."

"மன்னிப்பு இருக்கட்டும். எழுபதுல வெட்டிக் குடுக்கறேன்னு உங்க சார் சொல்லியிருப்பாரே?"

நான் தலையாட்டினேன்.

"சொல்வாரு. நல்ல மனுஷன்." எழுந்து போய்ப் பாப்பாவுக்கு ஒரு தலையணை கொண்டுவந்தார். "கீழ படுக்க வை. உனக்குத் தோள் போயிடும்."

பிறகு நடந்தது

அவர் வெட்டவில்லை. தீசிஸைத் திரும்பப் பெறுவதாக யுனிவர்சிட்டிக்குத் தானே கடிதம் எழுதினார். காரணம் என்ற இடத்தில் என் பெயரையோ எங்கள் ஆபீஸ் பெயரையோ எழுதவில்லை. சிறப்பு அனுமதி வாங்க நாலு மாதம் அலைந்தார். அதற்குள் அவரிடம் படித்த பையன் முடித்துவிட்டான். இப்போது அவன்தான் ஹெட். "டைம்டேபிள் அவன்தான் போடறான். எனக்கு எப்பவும் கடைசி பீரியட்" என்று ஒருமுறை சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

புதிய தீசிஸில் ஒரு அத்தியாயம் கூடுதலாக இருக்கிறது. மருந்து ஏன் வெளியே போகிறது, எந்த வாசல் வழியாகப் போகிறது, மூலக்கூறின் எந்த மூலையை மாற்றினால் நிற்கும் என்று. அதற்காகப் பன்னிரண்டு ரன் போட்டோம். பிரசாத் சார் மிஷினை எங்களுக்காக ஒதுக்கிக் கொடுத்தார். அவரும் இப்போது ஒரு ரன்னுக்கு மூவி தருவதில்லை. மூன்று ரன் இல்லாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். "சத்தியவேடு" என்ற வார்த்தை மட்டும் ஆபீஸில் இன்னும் இருக்கிறது. நான் சொல்வதில்லை. ஷீட்டில் இப்போது ஃப்ரேம் எண்ணுக்குப் பக்கத்தில் "பார்க்க வேண்டும்" என்று முழுதாக எழுதுகிறேன். பார்த்தபின் பக்கத்தில் என்ன பார்த்தேன் என்று எழுதுகிறேன். தூரம் அளந்த கிராஃப் இல்லாமல் மூவியை வெளியே விடுவதில்லை. ஸ்மூத்திங்கை அடியோடு நிறுத்திவிட்டேன். படம் கொஞ்சம் நடுங்கும். நடுங்கட்டும்.

இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்த பாடம் இவ்வளவுதான்: ரெண்டர் பொத்தானை அழுத்தும் முன் படத்தை ஒருமுறை முழுதாகத் திருப்புங்கள். சந்தேகம் வந்த அன்றைக்கே, வேலை யாருடையதோ அவரிடம் "சந்தேகம் இருக்கிறது" என்று மட்டுமாவது சொல்லிவிடுங்கள். முழுதாகத் தெரிந்தபின் சொல்லலாம் என்று நான் காத்திருந்தேன். முழுதாகத் தெரிந்தபோது வியாழக்கிழமை போய்விட்டது.

இனி நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

இந்த வாரம் கிரேஸ் மேடம் தீசிஸின் நன்றியுரைப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பக்கம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தமிழில் சொன்னால், "தவறு கண்ணில் பட்ட உடனே சித்தூர் வரை வந்து என்னிடம் நேரில் சொன்ன கோமதிக்கு" என்று என்னைப் பற்றி ஒரு வரி. கீழே, "ஸ்பெல்லிங் மட்டும் பாரு. திங்கக்கிழமை பிரிண்டுக்குப் போகுது" என்று எழுதியிருந்தார்.

உடனே என்று எழுதியிருக்கிறார். விரல் மடக்கி எண்ணியவர் அவர். மறந்திருக்க மாட்டார். மறந்துவிட்டாரோ என்றும் நினைக்கிறேன். மன்னித்து எழுதினாரா, நானே சொல்லித் திருத்துகிறேனா என்று பார்க்க எழுதினாரா, அல்லது நன்றியுரையில் எல்லோரும் எழுதுகிற மாதிரி எழுதினாரா, தெரியவில்லை. கணவரைக் கேட்டால் "விடு, அந்த அம்மாவே போட்டுக் குடுத்தத நீ ஏன் அடிக்கற?" என்கிறார். எடுக்கச் சொன்னால் மேடம் மூடி வைத்ததை நான் திறந்த மாதிரி ஆகிவிடுமோ என்று இருக்கிறது. விட்டுவிட்டால் அவருடைய தீசிஸில் உண்மை இல்லாத ஒரு வார்த்தை என்னால் மறுபடியும் அச்சாகும்.

ஸ்பெல்லிங் சரியாக இருக்கிறது. இன்னும் பதில் போடவில்லை. இதே மாதிரி வேலை செய்தவர்கள், செய்யாதவர்கள், யாராக இருந்தாலும் பரவாயில்லை. அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிடச் சொல்லி எழுதட்டுமா, வேண்டாமா? தயவுசெய்து உங்கள் யோசனையைச் சொல்லுங்கள்.